மூன்று ஊர், ஒன்பது ராத்திரி

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "தொழில் சம்பந்தமா வேண்டாம்ப்பா. போன தடவை ஒருத்தர் வெல்டிங் பத்தி ஐம்பது நிமிஷம் பேசிட்டார். குடும்பத்தோட உட்கார்ந்து கேட்கிற மாதிரி ஏதாவது சொல்லு" என்றார். "அக்கா பிள்ளைகள் ரெண்டு பேரை ஐரோப்பாவுக்குக் கூட்டிட்டுப் போய் வந்தேன், அதைப் பேசட்டுமா?" என்றேன். "பேசு. ஆனா ஸ்லைடு போடாதே" என்றார். ஆகவே ஈபில் கோபுரத்துக்கு முன்னால் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் படம் எதுவும் வராது. தைரியமாக உட்காரலாம்.

நான் பேசப் போவது பார்த்த இடங்களைப் பற்றி அல்ல, அதற்கு எத்தனையோ புத்தகம் இருக்கிறது. போவதற்கு முன் போட்ட திட்டத்தைப் பற்றி. இந்த அரங்கில் பல அண்ணன்மார் வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கையில் பத்துப் பதினோரு நாள் லீவு, சேர்த்து வைத்த பணம் கொஞ்சம், "நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லும் பிள்ளை ஒன்று. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதுதான் விஷயம்.

அக்கா மகளுக்கு வயது 16, மகனுக்கு 13. அக்காவுக்கும் அத்தானுக்கும் ஒரே நேரத்தில் லீவு கிடைக்கவில்லை. தாய்மாமன் நான் இருக்கிறேனே! பேச்சு ஆரம்பித்த அன்றே அத்தான் ஒரு டிராவல்ஸ் நோட்டீஸை எடுத்து நீட்டினார். ஒன்பது இரவில் ஏழு ஊர். "மாப்ளே, போறதே ஒரு தடவை, எல்லாத்தையும் பார்த்துட்டு வந்துடுங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்கு ஒத்து வரவில்லை.

ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ரயில் இரண்டு மணி நேரம் என்று போட்டிருப்பான். நம் கணக்கில் அது இரண்டு மணி அல்ல. பெட்டி கட்ட வேண்டும், அறையைக் காலி செய்ய வேண்டும், ஸ்டேஷனுக்கு முன்கூட்டியே போக வேண்டும், இறங்கிப் புது ஊரில் வழி தேட வேண்டும். போனால் மதியம் மூன்று மணிக்குத்தான் அறை என்பார்கள். ஆக, ஓர் இடமாற்றம் என்பது அரை நாள். ஏழு ஊருக்கு ஆறு இடமாற்றம். மூன்று முழு நாள் பெட்டி தூக்குவதிலேயே போய்விடும். நான் கண்ட சூத்திரம் இதுதான்: இரவுகளின் எண்ணிக்கையை மூன்றால் வகுங்கள். வரும் விடைக்கு மேல் ஊர் வேண்டாம். ஒன்பது இரவுக்கு மூன்று ஊர்.

அடுத்தது, ஊர்கள் ஒரே ரயில் பாதையில் இருக்க வேண்டும். நாங்கள் எடுத்தது பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம். பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு ஒன்றரை மணிக்கும் குறைவு. வண்டி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அங்கிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குச் சுமார் இரண்டு மணி. விமான டிக்கெட்டைப் போக பாரிஸுக்கும், திரும்ப ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் எடுத்தோம். போன ஊருக்கே திரும்பி வந்து விமானம் ஏறினால் இன்னொரு அரை நாள் வீண். மாதக்கணக்கில் சுற்றுகிறவர்களுக்கு ரயில் பாஸ் நல்லது. பாஸ் இருந்தாலும் இந்த அதிவேக வண்டிகளில் சீட்டு ரிசர்வேஷனுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். இரண்டே பயணத்துக்கு முன்கூட்டித் தனி டிக்கெட் எடுப்பதே லாபம்.

"லண்டன் இல்லாம என்ன ஐரோப்பா?" என்று அத்தான் கேட்டார். ஷெங்கன் விசா ஒன்று வாங்கினால் 29 நாடுகளில் சுற்றலாம். அதில் இங்கிலாந்து கிடையாது. லண்டன் வேண்டுமென்றால் இன்னொரு விசா, இன்னொரு கட்டணம். அதோடு லண்டன் பேச்சு முடிந்தது.

விசாவைப் பற்றி நாலு வார்த்தை. அதிக நாள் எந்த நாட்டில் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. எங்களுக்குப் பாரிஸில் நான்கு இரவு, ஆகவே பிரான்ஸ். ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி கெடு 15 நாள், ஆனால் அதுவரை காத்திருக்கக் கூடாது. 2024 ஜூனில் கட்டணம் 90 யூரோவாக உயர்ந்தது. 12 வயது நிரம்பிவிட்டால் பெரியவர் கட்டணம்தான், கைரேகை கொடுக்கவும் நேரில் போக வேண்டும். மருத்துவ இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு. பெற்றோர் கூட வராவிட்டால் அப்பா, அம்மா இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வேண்டும். தாய்மாமன் உறவெல்லாம் காதுகுத்துக்குச் செல்லும், கவுண்டரில் செல்லாது!

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். திட்டத்தை யார் போடுவது?

பதின்ம வயதுப் பிள்ளைகளை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப்போகிறோம் என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் கண்ணுக்கு அது நம் டூர்; அவர்கள் அதில் லக்கேஜ். இன்னொருவர் போட்ட திட்டத்தில் நடந்தால் பத்தாவது நிமிஷத்தில் கால் வலிக்கும். தானே போட்ட திட்டமானால் பத்து கிலோமீட்டர் நடந்தாலும் வலிக்காது. இது எல்லா வயதுக்கும் பொருந்தும்.

ஆகவே வேலையைப் பிரித்தோம். பாரிஸ் பெரியவளுக்கு, ஆம்ஸ்டர்டாம் சின்னவனுக்கு, பிரஸ்ஸல்ஸ் எனக்கு. ஒவ்வொருவர் கையிலும் ஒரு நோட்டு. சாப்பாடு, உள்ளூர்ப் பயணம், நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்து மூவருக்கும் நாளுக்கு 120 யூரோ. அதற்குள் அவர்களே முடிவு செய்ய வேண்டும். ஒருவருக்கு ஒரே ஒரு "வேண்டாம்" உரிமை. நாளுக்கு இரண்டு இடத்துக்கு மேல் கிடையாது. அத்தானுக்கு இது பிடிக்கவில்லை. "இவ்வளவு செலவு பண்ணிப் போறோம், பிள்ளைங்க கையிலயா பிளானைக் கொடுக்கிறது?" என்றார். "அத்தான், தப்பா போனா ஒரு மத்தியானம் போகும். அவ்வளவுதானே?" என்றேன்.

இதில் ஓர் இயற்கை விஷயமும் சேர்ந்துகொண்டது. பதின்ம வயதில் உடம்புக் கடிகாரமே தள்ளிப் போகிறது. தூக்கம் வருவது தாமதம், எழுவதும் தாமதம். அது சோம்பல் இல்லை. ஆனால் இந்தியாவிலிருந்து கோடையில் அங்கே போனால் நேரம் மூன்றரை மணி பின்னால் இருக்கும். முதல் இரண்டு நாள் எவ்வளவு தூங்குமூஞ்சியாக இருந்தாலும் விடியற்காலை விழிப்பு வந்துவிடும். அதனால் காலை ஒன்பது மணிச் சீட்டெல்லாம் முதல் இரண்டு நாளில் வைத்தோம். பிறகு பத்தரைக்கு மேல்தான் கிளம்புவது. மே மாதக் கடைசியில் பாரிஸில் இரவு ஒன்பதரைக்கு மேல்தான் சூரியன் மறைகிறது. காலையில் விட்டதை மாலையில் பிடித்துக்கொள்ளலாம்.

பெரியவள் பாரிஸுக்குப் பத்துப் பக்கம் எழுதினாள். லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை விடுமுறை, ஓர்சே திங்கள்கிழமை விடுமுறை என்று கண்டுபிடித்து நாட்களை மாற்றினாள். லூவ்ரில் 18 வயதுக்குக் கீழே இலவசம். எந்த நாட்டுப் பிள்ளையானாலும் சரி. ஈபில் கோபுரத்துக்கு லிப்ட் சீட்டு எடுத்தால் பட்ஜெட் உதைக்கிறது என்று படிக்கட்டுச் சீட்டு எடுத்துவிட்டாள். இரண்டாம் தளம் வரை 674 படி. பட்ஜெட் தப்பியது, என் முழங்கால் தப்பவில்லை.

அந்தக் கோபுரத்தின் முதல் தளத்துக்குக் கீழே நான்கு பக்கமும் 72 பேரின் பெயர் பொறித்திருக்கிறது. ஃபூரியர், நேவியர், கூலும், பாய்சான், கார்னோ... யாரால் நமக்கு அரியர் விழுந்ததோ அத்தனை பேரும் வரிசையாக நிற்கிறார்கள். நான் கும்பிட்டுவிட்டு நகரப் பார்த்தேன். இவள் நோட்டை எடுத்தாள். "மாமா, 72 பேர்ல ஒரு பொம்பளை கூட இல்லை. சோஃபி ஜெர்மேன்னு ஒருத்தர், தகடு எப்படி அதிருதுன்னு கணக்குப் போட்டு 1816-ல அகாடமி பரிசே வாங்கியிருக்காங்க. அவங்க பேரு ஏன் இல்லை?" என்றாள். நான்கு வருடம் மெக்கானிக்கல் படித்த எனக்கு அந்தப் பெயர் புதிது. கைடு வைத்துப் போயிருந்தால் கோபுரத்தின் உயரத்தைச் சொல்லிக் கூட்டிவந்திருப்பார்.

பிரஸ்ஸல்ஸ் வண்டி பாரிஸ் நார் ஸ்டேஷனிலிருந்து கிளம்புகிறது. பக்கத்திலேயே லா சப்பேல். ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. நாலு நாளாக ரொட்டியும் சீஸும் தின்ற சின்னவன், தமிழில் எழுதிய பலகையைப் பார்த்ததும் ஓட ஆரம்பித்தான். வண்டிக்கு முன்னால் தோசை என்பதைத் திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிரஸ்ஸல்ஸில்தான் எனக்குப் பரீட்சை. "மாமா, எனக்கு ரெண்டு மணி நேரம் தனியா வேணும். கிராண்ட் பிளேஸ்ல உட்கார்ந்து படம் வரையணும்" என்றாள் பெரியவள். அந்தச் சதுக்கம் 1695-ல் பிரெஞ்சுப் பீரங்கியால் தரைமட்டமாகி, சில வருடங்களிலேயே திரும்பக் கட்டப்பட்டது. வரையத் தகுந்த இடம்தான். ஆனால் அக்காவிடம் வாக்குக் கொடுத்தவன் நான். ஊரில் தெருமுனைக் கடைக்குக் கூட அவளைத் தனியே அனுப்ப மாட்டார்கள்.

யோசித்தேன். இரண்டு வருடத்தில் இவள் ஏதோ ஓர் ஊர் ஹாஸ்டலில் இருப்பாள். அன்றைக்கு முதல்முதலாகத் தனியே நிற்பதைவிட, நான் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது நிற்பது மேல். நிபந்தனை பேசினோம். சதுக்கமும், பக்கத்தில் கூரை போட்ட பழைய கடைவீதியும்தான் எல்லை. போனில் சார்ஜ், கையில் ஹோட்டல் முகவரி எழுதிய காகிதம். அவசர எண் 112. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் அதுதான். சொன்னபடி விட்டுவிட்டு, சின்னவனோடு அடுத்த தெருவில் உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தேன். தின்றது அவன், நான் கடிகாரத்தைத்தான் தின்றேன். நாலு மணி என்றால் நாலுக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்து நின்றாள். படம் பாதிதான் முடிந்திருந்தது. "நீங்க பயந்துட்டு இருப்பீங்கன்னு தெரியும் மாமா" என்றாள். அன்று இரவு அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். போனில் ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. பிறகு, "வரைஞ்சதை அனுப்பச் சொல்லு" என்றாள்.

ஆம்ஸ்டர்டாமில் சின்னவன் முதலில் எழுதியது கால்பந்து மைதானம் மட்டும். அக்காக்காரி தன் பங்குக்கு ஆன் ஃபிராங்க் வீட்டைச் சேர்க்கச் சொன்னாள். அதற்குச் சீட்டு இணையத்தில் மட்டும்தான். செவ்வாய்தோறும், ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்கு விற்கிறார்கள். அந்த வேலை அவன் தலையில். செவ்வாய்க்கிழமை சாப்பிடாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வாங்கிவிட்டான்.

1942 ஜூலையில் அந்த வீட்டின் பின்கட்டில் ஒளியும்போது அந்தப் பெண்ணுக்கு வயது 13. எட்டுப் பேர், இரண்டு வருடத்துக்கு மேல். 1944 ஆகஸ்டில் பிடிபட்டார்கள். உயிரோடு திரும்பியது அப்பா ஒருவர்தான். அறைகளில் சாமான் எதுவும் இல்லை. சுவரில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. சின்னவன் அதன் முன்னால் நின்றுவிட்டான். வெளியே வந்து கால்வாய் ஓரம் வெகு நேரம் நடந்தோம். "நம்ம வீட்டுக் கதவுலயும் அம்மா கோடு போட்டிருக்காங்க மாமா" என்றான். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மைதானம் பார்த்துக் கூத்தாடினான். அதுவும் வேண்டும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். மெட்ரோவில் கதவு மூடி ஒருவர் மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டால்? முதல் நாளே விதி செய்துகொள்ளுங்கள்: உள்ளே போனவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அதே இடத்தில் நிற்க வேண்டும், மற்றவர்கள் அடுத்த வண்டியில் வருவார்கள். அங்கே போய்த் தேடாதே, இங்கே திரும்பி வராதே. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் விதி தெரிந்த பிள்ளை பயப்படாமல் நடக்கிறது.

அண்ணன்மார்களே, உங்கள் பிள்ளைகள் நம்மோடு வர ஒப்புக்கொள்ளும் விடுமுறைகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான் மிச்சம் இருக்கும். ஐரோப்பாதான் என்றில்லை. கொடைக்கானலானாலும் பிள்ளை கையில் ஒரு நாளையும் ஒரு தொகையையும் கொடுத்துப் பாருங்கள். ஊரைக் குறையுங்கள், பிள்ளைகளின் பொறுப்பைக் கூட்டுங்கள்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் உங்கள் கையில் நோட்டைக் கொடுக்கவில்லை என்றால் நீங்களே கேட்டு வாங்குங்கள். வாங்கிய பிறகு, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் வந்து நில்லுங்கள். அடுத்த தடவை நாலு மணி நேரம் கிடைக்கும்.