எரிந்த மாளிகையும் எஞ்சிய படமும்
(சங்கத்தின் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் பாக்டரியில் வேலை செய்கிறவன். ஏ.எல். உடன் படிப்பு முடிஞ்சுது. செயலாளர் ‘ஏதாவது பேசுங்கோ’ எண்டு கேட்டபடியால், இங்கிலாந்தின் சசெக்ஸில், மிட்ஹர்ஸ்ட் ஊருக்குப் பக்கத்தில், ரொதர் ஆற்றங்கரையில் இடிந்து நிற்கும் கவுட்ரே மாளிகையைப் பற்றிச் சொல்கிறேன்.

1520களில் கட்டத் தொடங்கிய வீடு. 1529இல் எட்டாம் ஹென்றி மன்னரின் நெருங்கிய ஆளான வில்லியம் பிட்ஸ்வில்லியம் வாங்கிப் பெருப்பித்தார். பிறகு பிரவுண் குடும்பத்துக்குப் போனது. அவர்கள் கத்தோலிக்கர். கத்தோலிக்கரை நெருக்கிய முதலாம் எலிசபெத் மகாராணியே 1591இல் அங்கே வந்து விருந்தாளியாகத் தங்கினார். அவ்வளவு செல்வாக்கு!

1793இல் இளம் பிரபுவின் கல்யாணத்துக்காக வீட்டைத் திருத்தினார்கள். தச்சு வேலை நடந்த இடத்துத் தணலில் இருந்துதான் நெருப்புப் பிடித்தது என்கிறார்கள். மரச்சீவலுக்குப் பக்கத்தில் தணல்! எங்கட பாக்டரியில் எண்டால் அண்டைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். செப்டெம்பர் 24 இரவு எல்லாம் போச்சுது. ஆறு பக்கத்தில்தான் ஓடியது. வீடு எரிந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

சில வாரங்களுக்குள் அந்தப் பிரபு ரைன் ஆற்று நீர்வீழ்ச்சியைப் படகில் கடக்கப் போய் மூழ்கி இறந்தார். பிறகு சொத்து அவருடைய சகோதரிக்கு வந்தது. 1815இல் அவவின் இரண்டு ஆண்பிள்ளைகளும் பொக்னர் கடலில் மூழ்கினார்கள். பிரவுண் குடும்பம் மடத்துச் சொத்தை எடுத்ததால் துறவி ஒருவர் ‘நெருப்பாலும் தண்ணீராலும் அழிவீர்கள்’ எண்டு சாபம் போட்டாராம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தணலைக் கவனிக்க ஆள் இல்லாததற்குத் துறவி என்ன செய்வார்?

மாளிகையை ஒருவரும் திரும்பக் கட்டவில்லை. 1909இல் காணியை வாங்கிய வீட்மன் பியர்சன் மிச்சச் சுவர்களை விழாமல் காப்பாற்றினார். குசினிக் கோபுரம் இன்னும் கூரையோடு நிற்குது.

நான் சொல்ல வந்தது வேறொன்று. அந்த வீட்டுச் சுவரில் 1545ஆம் ஆண்டுக் கடற்போரின் ஓவியம் ஒன்று இருந்தது. அதுவும் எரிந்தது. ஆனால் லண்டனில் இருந்த பழம்பொருள் ஆய்வாளர் சங்கம், தீக்குப் பதினைந்து வருஷத்துக்கு முன், 1778இல், அதைப் பிரதி எடுத்து அச்சடித்திருந்தது. அந்தச் சண்டையில் மூழ்கிய மேரி றோஸ் கப்பலை 1982இல் கடலில் இருந்து தூக்கினார்கள். அது மூழ்கிய காட்சி எப்படி இருந்தது எண்டு பார்க்க இப்பவும் அந்தப் பிரதியைத்தான் எடுக்கிறார்கள். தண்ணீருக்கு மேலே பாய்மரங்கள் மட்டும் தெரியும். ஒன்றின் உச்சியில் ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான்.