அச்சக் கதையும் படிப்போர் உள்ளமும்



இளைஞர்கள் இன்று விரும்பிப் படிக்கும் நூல்களுள் ஒருவகை உண்டு. இடிந்த மாளிகை, பூட்டிக் கிடக்கும் அறை, மூடுபனி படிந்த சோலை, இறந்தவர் நடமாடும் இரவு ஆகிய இவற்றிடையே கதை நடக்கும். கதைத் தலைவியும் பெரும்பாலும் பதினாறு பதினேழு வயதுடைய பெண்ணாகவே இருப்பாள். மேலைநாட்டார் இவ்வகையைக் கோதிக் நாவல் என்பர். நிகழ்ச்சியைக் காட்டிலும் சூழலே இதில் மிகுதி.

இத்தகைய நூலொன்றை நான்கு மாணவர் படித்துவிட்டுக் கூடினால் நான்கு கருத்துகள் பிறக்கும். "இரவு முழுதும் உறக்கம் வரவில்லை" என்பான் ஒருவன். "இதற்கெல்லாமா அஞ்சுவது?" என்று நகைப்பான் மற்றொருவன். "இருளையும் பனியையும் பற்றியே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார், கதை எங்கே?" என்று சலித்துக்கொள்வாள் ஒருத்தி. நான்காமவளோ ஒன்றும் சொல்லாமல் முதற்பக்கத்தைப் புரட்டி மீண்டும் படிக்கத் தொடங்குவாள். வீட்டிலுள்ள பெரியவர்கள், "பேய்க் கதை எதற்கு? பாடத்தைப் படி" என்பர். நூல் ஒன்றுதான், உள்ளங்கள் பல. ஒரு நூலைப் பற்றி நாம் சொல்லும் கருத்து நூலை மட்டுமா காட்டுகிறது? நம்மையும் அன்றோ காட்டிவிடுகிறது! இதைப் பற்றியே இன்று சிந்திக்க விரும்புகிறேன்.

அச்சத்தை நம் முன்னோர் இகழ்ந்து ஒதுக்கவில்லை. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அதனை வைத்தார். அது தோன்றுவதற்குரிய நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினைக் கூறினார். இறை என்பது நம்மை ஆளும் தலைவரைக் குறிக்கும். இருளில் உலவும் அணங்கையும் அரியணையில் அமர்ந்திருக்கும் அரசனையும் ஒரே வரிசையில் வைத்த நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். அணங்கென்று நாம் அஞ்சுவது, ஆராய்ந்து பார்த்தால், கொடிய தலைவனாகவோ கள்வனாகவோ இருப்பதும் உண்டு. இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

ஆங்கிலத்தில் இவ்வகை நாவலுக்கு வழிகாட்டியது ஹொரேஸ் வால்போல் எழுதிய 'ஒட்ராண்டோ கோட்டை' என்பதாகும். 1764ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அது வெளிவந்தது. ஆசிரியர் தம் பெயரை வெளியிடவில்லை. 1529இல் நேபிள்ஸ் நகரில் அச்சான பழைய இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பு என்று முகவுரையில் எழுதிவிட்டார். கவிஞர் தாமஸ் கிரே, அதைப் படித்தவர்கள் இரவில் படுக்கைக்குச் செல்லவும் அஞ்சுவதாக வால்போலுக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு இரண்டாம் பதிப்பு வந்தபோது, அது தம் கற்பனையே என்பதை வால்போல் வெளிப்படுத்தினார். பழங்காலத்துப் படைப்பு என்றெண்ணிப் பொறுத்துக்கொண்ட திறனாய்வாளர் ஒருவர், அறிவு வளர்ந்த இக்காலத்தில் இத்தகைய கதையா என்று சினந்தார். கதையில் மாறுதல் ஒன்றுமில்லை. மாறியது அவர் கொண்ட எண்ணம் ஒன்றே. முன்னரே ஒரு கருத்தை வைத்துக்கொண்டு படிப்பவர், நூலைப் படிப்பதில்லை. தம் கருத்தையே படிக்கிறார்.

பின்னர் 1794இல் ஆன் ராட்கிளிஃப் என்னும் பெண்மணியார் எழுதிய 'உடால்ஃபோ மர்மங்கள்' பெரும்புகழ் பெற்றது. அதைப் படித்து மயங்கிய ஓர் இளம்பெண்ணைக் கதைத் தலைவியாக்கி, ஜேன் ஆஸ்டின் 'நார்த்தேங்கர் மடம்' என்னும் நாவலைப் படைத்தார். அது 1817ஆம் ஆண்டின் இறுதியில், ஆசிரியர் மறைந்த பின்னர் வெளிவந்தது. பதினேழு வயதுடைய கேத்தரின் ஒரு பழைய மாளிகைக்கு விருந்தினளாகச் செல்கிறாள். புயல் வீசும் இரவில் அலமாரியொன்றில் காகிதச் சுருள் கிடைக்கிறது. கொடிய இரகசியம் ஒன்று வெளிப்படப் போகிறதென்று நடுங்குகிறாள். விடிந்ததும் எடுத்துப் பார்த்தால் அது சலவைக் கணக்கு! வீட்டுத் தலைவரான தளபதி தம் மனைவியைக் கொன்றிருப்பாரோ என்றும் ஐயுறுகிறாள். அதுவும் பொய்யாகிறது.

கதை இவ்வளவோடு முடிந்திருந்தால், பேய்க் கதை படிப்போரை நகைப்பதற்கென்றே எழுதியது என்று சொல்லிவிடலாம். ஆனால் கேத்தரின் செல்வர் வீட்டுப் பெண்ணல்லள் என்று அறிந்ததும், அதே தளபதி அவளைத் துணையின்றி நெடுந்தொலைவு பயணம் செய்யுமாறு வீட்டைவிட்டு வெளியேற்றிவிடுகிறார். அவள் கொலை என்று அஞ்சியது பிழை. அந்த வீட்டில் ஏதோ கொடுமை இருக்கிறது என்று அவள் உள்ளம் உணர்ந்தது பிழையன்று. அதன் பெயர் பொருளாசை. அணங்கைத் தேடிச் சென்றவள் தொல்காப்பியர் சொன்ன 'இறை'யைக் கண்டாள்!

நமக்கு அண்மையிலேயே இதற்கு ஈடான கதையொன்று வழங்குகிறது. பூந்தமல்லியை அடுத்த பாரிவாக்கத்திலும் ஆவடியிலும் வாழும் மாணவர்கள் அரக்கோணம் செல்லும் இரயிலில் ஏறினால், திருவள்ளூரைக் கடந்து திருவாலங்காட்டை அடையலாம். பேயுருவை விரும்பிப் பெற்ற காரைக்கால் அம்மையார் சுடுகாட்டையும் அங்கு ஆடும் இறைவனையும் பாடிய தலம் அது. அதன் அருகிலுள்ள பழையனூரே நீலியின் கதை நிகழ்ந்த ஊர்.

அக்கதை பலவாறு வழங்கினும் அதன் சாரம் இதுதான்: கணவனால் கொலையுண்ட ஒருத்தி, நீலி என்னும் பேயாகிறாள். அவன் மறுபிறவியில் வணிகனாகிப் பழையனூருக்கு வருகிறான். நீலி அவன் மனைவி போல் வடிவெடுத்து, கரிக்கட்டையைக் குழந்தையாக்கி ஏந்திக்கொண்டு, ஊரவை முன் கண்ணீர் வடிக்கிறாள். வணிகன் அஞ்சி அலறுகிறான். வேளாளர் எழுபதின்மர், "உனக்குத் தீங்கு நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருவோம்" என்று உறுதி கூறி அவனை அவளோடு அனுப்புகின்றனர். இரவில் அவள் பழிதீர்க்கிறாள். சொன்ன சொல் தவறாத எழுபதின்மரும் தீயில் இறங்கி உயிர் துறக்கின்றனர். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இச்செய்தியைக் குறிப்பிடுகிறார் எனின், கதையின் பழமை விளங்கும்.

இந்தக் கதையைக் கேட்ட தமிழர் எவ்வாறு எதிரொலித்தனர்? மூன்று விடைகள் நமக்குக் கிடைக்கின்றன. மக்களின் நாவில் 'நீலிக் கண்ணீர்' என்னும் தொடர் நிலைத்தது. பொய்யழுகை அனைத்திற்கும் அதுவே பெயராயிற்று. பாரிவாக்கத்திற்குத் தெற்கே, தொலைவில்லாத குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், பெரியபுராணத்தில் தொண்டை நாட்டின் பெருமையைக் கூறும்போது இதனை எடுத்தாள்கிறார். தம் உயிரையும் வணிகனுக்குத் தந்த சொல்லையும் சீர்தூக்கிப் பார்த்து, சொல்லையே காத்தவர்களின் மேன்மை அவர் கண்ணுக்குப் புலப்பட்டது.

மூன்றாவது விடை வியப்பிற்குரியது. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய 'நீலகேசி'யை இயற்றிய சமணப் புலவர், இந்த நீலியையே தம் காப்பியத் தலைவியாக்கினார். உயிர்ப்பலியைத் தடுத்த முனிச்சந்திரர் என்னும் முனிவரை அச்சுறுத்த அவள் சுடுகாட்டிற்கு வருகிறாள். கோர வடிவங்கள் காட்டுகிறாள், அவர் அசையவில்லை. அரசிளங்குமரியாக வருகிறாள், அவர் ஏமாறவில்லை. இறுதியில் அவரிடம் அறங்கேட்டுக் கொல்லாமையை மேற்கொள்கிறாள். பின்னர் நாடெங்கும் சென்று பல சமயத்தாரோடும் வாதிட்டு வெல்கிறாள். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி 1936இல் பதிப்பித்த இந்நூலைக் கல்லூரி மாணவர்கள் தேடிப் படிக்கலாம்.

ஒரே பேய்க் கதையில் ஊரார் வஞ்சகத்தைக் கண்டனர். சேக்கிழார் வாய்மையைக் கண்டார். நீலகேசி ஆசிரியரோ திருந்தக்கூடிய ஓர் உள்ளத்தைக் கண்டார். எனினும் ஒன்றை நாம் கேட்க வேண்டும். நீலியின் பொய்க்கண்ணீரை நினைவில் வைத்த நம் மொழி, முற்பிறவியில் அவள் கொலையுண்டபோது வடித்த மெய்க்கண்ணீருக்கு ஏன் ஒரு சொல்லும் தரவில்லை? அன்று அவளுக்காக வழக்குரைக்க ஓர் அவை கூடியிருந்தால், பேயும் இல்லை, பழியும் இல்லை, எழுபதின்மர் தீப்பாய்ந்த துயரமும் இல்லை.

நம் காலத்துக்குச் சற்று முன்னர், 1943இல் புதுமைப்பித்தன் 'காஞ்சனை' என்னும் சிறுகதையை வெளியிட்டார். ஓர் எழுத்தாளர் வீட்டில் பிச்சை கேட்டு வந்த பெண் வேலைக்காரியாக அமர்கிறாள். அவள் பேயா, பெண்ணா, எழுத்தாளரின் மனமயக்கமா என்பது கடைசிவரை துணியப்படுவதில்லை. படித்தவர் பலர் ஆசிரியரை நோக்கி, பேயில் நம்பிக்கை உண்டோ என்று வினவத் தொடங்கினர். பேய் இல்லையென்று அறிவு கூறினும் அச்சம் இருக்கத்தானே செய்கிறது என்னும் கருத்துப்பட அவர் விடையளித்தார். இது விளையாட்டுப் பேச்சன்று. நம்பிக்கை வேறு, அச்சம் வேறு. நம்பாமலேயே அஞ்ச முடிவதால்தான் நாம் கதையைக் கதையாகச் சுவைக்கிறோம்.

ஆகவே, பெரியோர்களே, பிள்ளைகளின் கையிலிருந்து நூலைப் பறிக்க வேண்டா. படித்து முடித்தபின் அவர்களோடு உரையாடுங்கள். மாணவர்களே, "பயமாக இருந்தது" என்றோ "பயமாக இல்லை" என்றோ சொல்லி நிறுத்திவிடாதீர்கள். நான் அஞ்சியது எதற்கு என்று உங்களையே கேளுங்கள். கதையில் பேயாக வருவது முன்பு யாராக இருந்தது, அதற்கு நேர்ந்த அநீதி யாது என்று கேளுங்கள். சூழல் மட்டும் இருந்து, அதனுள் இந்த வினாக்களுக்கு விடையே இல்லையெனின், நூல் குறையுடையது என்று துணிந்து கூறுங்கள். விடை இருக்குமாயின், நான்காவது மாணவியைப் போல முதற்பக்கத்திற்குத் திரும்புங்கள்.

இருளைப் பற்றிய கதையை விளக்கொளியில் அமர்ந்துதான் படிக்கிறோம். அந்த ஒளி, பேயை ஓட்டுவதோடு நில்லாமல், பேயை உண்டாக்கிய கொடுமையின் மீதும் படுவதாக!