பதிவேட்டில் பெயர் இருக்கிறது, பிள்ளை எங்கே?



உலகெங்கும் நடக்கும் அநீதியை எதிர்க்கக் கிறிஸ்தவ இளைஞர்களும் திருச்சபையும் என்ன செய்யலாம் என்பது நம் கருத்தரங்கின் பொருள். இதைத் திருவேங்கடத்தில் கூடிப் பேசுவது மிகப் பொருத்தம். ஒரு பக்கம் கோவில்பட்டி, சாத்தூர்த் தீப்பெட்டி ஆலைகள், ஒரு பக்கம் சிவகாசிப் பட்டாசு, இன்னொரு பக்கம் ராஜபாளையம் நூற்பாலைகள். நடுவில், வானம் பார்த்த கரிசல் காட்டில் நாம் இருக்கிறோம். மழை பொய்த்த வருஷம் இங்குள்ள வீடுகள் பிள்ளைகளை எங்கே அனுப்பின என்பது இந்த அவையில் பலருக்கும் தெரியும்.

உலக அரங்கில் தமிழ்க் கிறிஸ்தவர் தலைநிமிர்ந்து நின்ற நாட்கள் உண்டு. பழைய திருநெல்வேலி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910இல் எடின்பரோ மாநாட்டில் மேலைநாட்டு மிஷனரிகளின் முகத்துக்கு நேரே, எங்களுக்கு நீங்கள் நண்பர்களாக இருக்கவில்லை என்று குறை சொன்னார். 1968இல் ஸ்வீடனின் உப்சாலாவில் உலகத் திருச்சபைகளின் மன்றம் கூடியபோது, தொடக்க ஆராதனையில் பிரசங்கம் செய்ய வேண்டியவர் மார்ட்டின் லூதர் கிங். ஏப்ரலில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அவர் நிற்க வேண்டிய இடத்தில் நின்று பேசியவர் யாழ்ப்பாணத் தமிழரான டி. டி. நைல்ஸ். மறு ஆண்டே அந்த மன்றம் இனவெறியை எதிர்க்கும் திட்டத்தைத் தொடங்கி, தென்னாப்பிரிக்க விடுதலை இயக்கங்களுக்குப் பணம் கொடுத்தது. முகம் சுளித்த சபைகளும் இருந்தன. ஆனாலும் கொடுத்தார்கள். இந்தப் பெருமைகளை ஆண்டுவிழா மலர்களில் நாம் நிறையவே எழுதிவிட்டோம். நம் தெருவுக்கு வருவோம்.

எண்பதுகளில் விடியுமுன் ஆலைப் பேருந்துகள் ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயின. குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்ன விரல்கள்தான் வாகு என்று வெட்கமில்லாமல் சொன்னார்கள். சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படத்தில் அந்தப் பேருந்துகளை இன்றும் பார்க்கலாம். 1991இல் மீனம்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்து 39 பேர் இறந்தார்கள். 1996 டிசம்பர் 10இல் எம். சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான தொழிலில் ஒரு பிள்ளையை வைத்திருந்தால் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும், முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் போட வேண்டும். வீட்டின் வயிற்றையும் சேர்த்து நினைத்த தீர்ப்பு அது.

ஆனால் பிள்ளையின் வயதை நிரூபித்தால்தான் அந்தத் தீர்ப்பு உதவும். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 10ஆம் பிரிவைப் பாருங்கள். பிள்ளைக்கு வயது என்ன என்று தகராறு வந்து, கையில் சான்றிதழும் இல்லாவிட்டால், மருத்துவ அதிகாரி முடிவு செய்வார் என்கிறது. பல்லையும் எலும்பையும் பார்த்து வயது சொல்லும் முறையில் ஒன்றிரண்டு வருஷம் முன்பின்னாகத்தான் வரும். ஆலைக்காரருக்கு அந்த இடைவெளி போதும். அதே சமயம் நம் கோயிலின் வெஸ்ட்ரி அறை அலமாரியில் ஞானஸ்நானப் பதிவேடு இருந்தது. நீளமான தடித்த புத்தகம். பிறந்த தேதி, ஞானஸ்நானம் பெற்ற தேதி, தாய் தகப்பன் பெயர், ஊர், தொழில், குருவானவர் கையொப்பம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். தொழில் என்ற கட்டத்தில் ‘கூலி’ என்ற ஒரே சொல் பக்கம் பக்கமாக இறங்கிக்கொண்டே போகும். கல்யாண ஓலை எழுதும்போது அந்தப் புத்தகத்தை எடுத்தோம். பிள்ளைக்கு ஆலை வாசலில் பன்னிரண்டு வயதா பதினைந்தா என்று கேள்வி வந்தபோது எத்தனை சபைகள் எடுத்தன?

இதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அநீதியை எதிர்க்கத் திருச்சபை புதிதாக அமைப்பு எதையும் கட்ட வேண்டியதில்லை. கிராமத்துக்கு ஒரு சபை ஊழியர், வாரத்துக்கு ஒரு கூடுகை, ஒவ்வொரு வீட்டின் பெயரும் வயதும் எழுதிய புத்தகம், சைக்கிளிலும் பைக்கிலும் சுற்றிவரும் வாலிபர்கள் எல்லாம் நம்மிடம் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளைகளில் இந்த ஞாயிறு யார் யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு வாலிபர் ஐக்கியத்துக்கு எந்தத் தடையும் இல்லை.

தீப்பெட்டியில் பிள்ளைகள் குறைந்த காலத்தில் நூற்பாலைத் தரகர்கள் வந்தார்கள். மூன்று வருஷம் ஆலை விடுதியில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் மொத்தமாகப் பணம், கல்யாணச் செலவுக்கு ஆகும் என்றார்கள். அதற்கு ‘சுமங்கலித் திட்டம்’ என்று மங்கலமான பெயரும் வைத்தார்கள். இரவு ஷிப்ட்டு, பஞ்சுத் தூசி, வெளியே போகத் தடை, நடுவில் உடம்புக்கு முடியாமல் வீடு திரும்பினால் பணம் இல்லை. 2011இல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் இதை ஆராய்ந்து, அந்த நூலில் நெய்த துணி எந்தெந்த ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளுக்குப் போகிறது என்று பெயர் சொல்லி வெளியிட்டன. அந்தக் கடைகளில் துணி எடுப்பவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. லண்டனிலும் டொரண்டோவிலும் தமிழ்ச் சபைகள் இருக்கின்றன, அந்தக் கடைகளிடம் அவை கேள்வி கேட்கலாம்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்து ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். ஆலை மேற்பார்வையாளர் கைதானார். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகமும் எச் அண்ட் எம் நிறுவனமும், பெண்களின் புகாரை விசாரித்துத் தீர்ப்பதற்கான ஒப்பந்தத்தில் அந்தச் சங்கத்தோடு கையெழுத்திட்டன. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று இன்று உலகமெங்கும் தொழிற்சங்கத்தார் பேசுவது இதைத்தான். அந்தப் பெண்கள் பக்கத்தில் நம் சபைகள் எத்தனை போய் நின்றன என்று இங்குள்ள ஆய்வாளர் ஒருவராவது எழுத வேண்டும். பதில் நமக்குச் சங்கடமாக இருந்தாலும் எழுத வேண்டும்.

நம் வீட்டுக் காரியம் ஒன்றும் உண்டு. வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலில் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்துச் சுவர் நின்றது. 1910இல் அதை இடித்தார்கள். சுவர் வேண்டும் என்று மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். சுவர் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, கல்லறைத் தோட்டத்தில் இன்னும் பிரிவு பார்க்கும் ஊர்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊர்ச் சபையின் வாலிபர்கள் அமெரிக்க நிறவெறியைப் பற்றிப் பேச்சுப்போட்டி நடத்தினால் யார் மதிப்பார்கள்? கல்லறைப் பிரிவை நீக்கக் கேட்டு முதல் மனு உங்கள் சேகரக் கமிட்டிக்குப் போகட்டும்.

தம்பிமார்களுக்கு ஒரு எச்சரிக்கை. மதில் ஏறிக் குதித்து ஆட்களை மீட்கும் வேலை நமக்கு வேண்டாம். நாம் வீடு திரும்பிய பிறகு அடிபடுவது அந்தத் தொழிலாளிதான். முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போட்டிருந்தால் 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இருக்கிறது. சங்கரன்கோவில் கோட்டாட்சியரிடம் எழுத்தில் மனு கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள், விடுதலைச் சான்றிதழ் கைக்கு வரும்வரை விடாதீர்கள். அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் மறுவாழ்வுத் தொகை கிடைப்பது பெரும்பாடு. குழந்தை என்றால் 1098 என்ற உதவி எண்ணை அழையுங்கள். மீட்ட பெண் வீட்டுக்கு வந்தபின் கடன்காரன் வாசலில் நின்றால் அவள் மறுபடி ஆலைக்கே போவாள். ஒரு வருஷ அசன விருந்துச் செலவில் பாதியை அந்தக் கடனுக்கும் படிப்புக்கும் ஒதுக்க எந்தச் சபை முன்வரும் என்று மாலை அமர்வில் பெயர் கேட்கப் போகிறேன்.

இப்போது ஆலைகளில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார்ப் பிள்ளைகள் நிறைய. நம் பதிவேட்டில் அவர்கள் பெயர் இராது, பலர் நம் மதமும் இல்லை. 2023 மார்ச்சில் வடமாநிலத்தாரைத் தமிழர்கள் அடிப்பதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது அவர்கள் பட்ட பயத்தை நாம் பார்த்தோம். அவர்களுக்கும் இதே உதவியைச் செய்யுங்கள். கையில் துண்டுப்பிரதி இல்லாமல் போங்கள். உதவிக்கு விலையாக ஜெபக் கூட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள். நல்ல சமாரியன் வழியில் கிடந்தவனிடம் ஊரும் மதமும் கேட்டதாக வேதத்தில் இல்லை.

முதல் அமர்வின் கட்டுரை, சிவகாசியைத் தலைமையிடமாகக் கொண்டு மிஷனரி ராக்லண்ட் 1854இல் தொடங்கிய வடதிருநெல்வேலி ஊழியத்தைப் பற்றியது. அதற்கு அடுத்த அமர்வுக்குத் தங்கள் சபைப் பதிவேட்டின் கடந்த இருபதாண்டுப் பக்கங்களை நகலெடுத்து வரும்படி சேகரங்களுக்கு எழுதியிருந்தோம். கொண்டுவந்தவர்கள் உணவு இடைவேளையில் வாலிபர் ஐக்கியச் செயலாளரிடம் கொடுங்கள். பதினான்கிலிருந்து பதினெட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளின் பெயரைத் தனித்தாளில் எழுதத் தொடங்கிவிடலாம். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.