வலிக்கு ஒரு வாயில்

இருட்டில் நடக்கையில் முழங்கால் கட்டில் சட்டத்தில் மோதிக்கொள்கிறது. மறுகணமே கை அவ்விடத்தைத் தேய்க்கிறது. வலியும் சற்றுத் தணிகிறது. விழுந்து அழும் குழந்தையைத் தாய் தடவிக்கொடுப்பதும் இம்முறையே. இந்தத் தடவலில் என்ன மருந்து இருக்கிறது?

மருந்து நம் முதுகுத் தண்டுவடத்தில் இருக்கிறது. தொடுவுணர்ச்சியை ஏந்தி வரும் நரம்பிழைகள் பருமனானவை, கொழுப்புறை போர்த்தவை, விநாடிக்கு 30 மீட்டருக்கும் மேலான வேகத்தில் செய்தியைச் செலுத்துபவை. மந்தமாக நீடிக்கும் வலியைக் கொணரும் இழைகளோ மெல்லியவை, உறையற்றவை. அவற்றின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர்தான். இவ்விரு வகையும் தண்டுவடத்தின் பின்புறச் சாம்பல்நிறப் பகுதியை அடைகின்றன. அங்கே வாயிற்காவலர் போன்ற சிறு நரம்பணுக்கள் உள்ளன. தொடுகைச் செய்தி வந்ததும் இவை கிளர்ந்து, காபா, கிளைசின் என்னும் இரசாயனப் பொருள்களைச் சுரந்து, வலியை மூளைக்கு அனுப்பும் அணுக்களை அடக்குகின்றன.

இப்படி ஒரு வாயில் உண்டென்று 1965-இல் ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் என்னும் இரு அறிஞர்கள் எடுத்துரைத்தார்கள். அவர்கள் வரைந்த படத்தின் நுட்பங்கள் சில பின்னர் திருத்தப்பட்டன. அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது. மூளையிலிருந்து இறங்கிவரும் நரம்புகளும் இவ்வாயிலை அடைக்கவும் திறக்கவும் வல்லவை. இரண்டாம் உலகப் போரில் கடுங்காயமுற்ற வீரர்களைக் கண்ட டாக்டர் ஹென்றி பீச்சர், அவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் வலிமருந்து வேண்டாமென்றதாக 1946-இல் எழுதினார். காயத்தின் அளவும் வலியின் அளவும் ஒன்றல்ல.

இதை நான் காலங்கடந்தே உணர்ந்தேன். என் தாயாருக்கு மார்பில் அக்கி கண்டது. கொப்புளங்கள் ஆறிப் பல மாதங்களான பின்பும், புடவைத் தலைப்பு உராய்ந்தால் துடித்துப்போவார். "புண்தான் ஆறிவிட்டதே அம்மா, எல்லாம் மனப்பிரமை" என்றேன். அவர் அதன்பின் என்னிடம் வலியைப் பற்றிப் பேசவே இல்லை.

நரம்பு பழுதுற்றால் அந்தக் காவலரின் பிடி தளரக்கூடும். அப்போது தொடுகைச் செய்தியே வலியின் பாதையில் புகுந்துவிடுகிறது. ஆற்றவேண்டிய தொடுகையே சுடுகிறது. என் தாயார் சொன்னது உண்மை. என் சொல்தான் பிரமை.

ஆகவே, உங்கள் இல்லத்தில் எவரேனும் வலிக்கிறது என்றால், புண்ணைத் தேடிப் பார்த்து நம்பாதீர்கள். சொல்லைக் கேட்டு நம்புங்கள். பின்பு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.