காசும் கேஷும்

(புதுக்கோட்டையில் ஆற்றிய உரையின் ஒரு பகுதி)



எனக்கு முன்னர்ப் பேசிய இளைஞர், ஆங்கிலத்தில் வழங்கும் 'கேஷ்' எனும் சொல் நம் காசிலிருந்து பிறந்தது என்று முழங்கினார். கைதட்டல் எழுந்தது, நானும் தட்டினேன். தட்டிய கையோடு கணக்கையும் பார்த்துவிட வேண்டுமல்லவா?

கடையிலே, வங்கியிலே, ரொக்கம் என்ற பொருளில் வழங்கும் 'கேஷ்' நம்முடையதன்று. பணப்பெட்டியை இத்தாலியர் 'காசா' என்றனர். பிரெஞ்சுக்காரர் 'கேஸ்' என்றனர். பெட்டி என்னும் பொருளுடைய 'காப்சா' எனும் இலத்தீன் சொல்லே இரண்டுக்கும் மூலம். பெட்டியின் பெயர், பெட்டிக்குள் கிடந்த பணத்துக்கு ஆயிற்று. ஆகுபெயர் படித்த நமக்கு இது புதிதா?

இதை மறைத்து நாம் மார்தட்டினால் என்ன ஆகும்? மாற்றார் அகராதியைத் திறந்து இந்த ஒரு வரியைக் காட்டுவர். அவ்வளவுதான், நம் உண்மைச் சொத்தும் ஐயத்துக்கு இடமாகிவிடும்.

ஆம், சொத்து இருக்கிறது! அதே அகராதியில், அதே எழுத்துகளோடு, இன்னொரு 'கேஷ்' நிற்கிறது: சிறு நாணயம் என்ற பொருளில். அதுதான் நம் காசு! இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளிலே காணும் காசு. போர்த்துகீசியர் அதைக் கேட்டு, தம் மொழியில் பெட்டியைக் குறிக்கும் 'காய்ஷா'வின் வடிவிலே வழங்கினர். ஆங்கிலேயர் அதைக் 'கேஷ்' ஆக்கினர். சீனத்தின் சதுரத் துளையிட்ட செப்பு நாணயத்துக்கும் ஐரோப்பியர் இப்பெயரையே இட்டனர். காசுக்கே வடமொழி மூலம் காட்டுவாரும் உளர்; அவ்வழக்கை வேறொரு நாள் பார்ப்போம்.

சென்னையில் கும்பினியார் கணக்கு என்ன? 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். 1803லும் 1808லும் பர்மிங்காமில் அடித்த செப்பு நாணயங்களிலே 'கேஷ்' என்றே பொறித்தனர். அவற்றை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்டனர்' கப்பல் 1809இல் இங்கிலாந்துக் கரையருகே, குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. நம் சொல்லைச் சுமந்த செம்பு, அவர்கள் கடலடியிலே கிடந்தது!

அவ்வளவு தொலைவு போவானேன்? உங்கள் ஊர் அம்மன் காசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருபுறம் பிரகதாம்பாள், மறுபுறம் 'விஜய' என்று தெலுங்கு எழுத்து. தமிழ் நிலத்து நாணயத்திலே தமிழெழுத்து இல்லை, அது கிடக்கட்டும். நவராத்திரியிலே அரிசியோடு ஏழையின் கையில் விழுந்த அந்தச் செப்புக்காசு, 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபின் பழம்பொருளாயிற்று. இன்று நாணயம் சேர்ப்போர் ஆங்கிலப் பட்டியல்களிலே அதைத் தேடிப்பாருங்கள்: 'அம்மன் கேஷ்' என்றிருக்கும்.