ஒரே கூரைக்கு இரண்டு தலைமை மேஸ்திரிகள்

(ஜூபிலி விழாக் கூட்டத்தில் கட்டடக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



கட்டடக் குழுவினர் மேடையேறினால் கணக்குத்தான் படிப்பார்கள் என்று நினைத்திருப்பீர்கள். கணக்கு இம்மலரின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. உங்களில் பலர் எங்களிடம் கேட்டது வேறு கேள்வி: "கோயில் வேலையிலுமா இத்தனை சண்டை?"

உண்மைதான். மண்டபத்துக்குத் தளம் போட்டபின் சென்டரிங் பலகைகளை என்று பிரிப்பது என இஞ்சினியரும் ஒப்பந்தக்காரரும் வாதாடியது தெருக்கோடி வரை கேட்டது. ஒருவருக்குத் தளத்தைப் பற்றிய கவலை. மற்றவருக்குப் பலகையின் நாள்வாடகையைப் பற்றிய கவலை. இரண்டும் நியாயமான கவலைகள். நடுவில் நாங்கள்.

அந்நாட்களில் எங்களுக்கு ஆறுதலாக இருந்தது இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரப் பேராலயத்தின் கதை. 1296-இல் தொடங்கிய அந்த வேலை, நூறாண்டுக்கு மேலாகியும் முடியவில்லை. பீடத்துக்கு மேலே 40 மீட்டருக்கு மேற்பட்ட அகலம் வானம் பார்த்துக் கிடந்தது. அவ்வளவு பெரிய குவிமாடத்துக்கு முட்டுக் கொடுக்க மரம் சேர்ப்பதே பெரும்பாடு. பொற்கொல்லரான புருனெல்லெஸ்கி, முட்டே இல்லாமல் கட்டிக் காட்டுகிறேன் என்றார். வேலைக்குப் பொறுப்பேற்றிருந்த கம்பளித் தொழில் சங்கத்தாருக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வரவில்லை. 1420-இல் கிபெர்த்தி என்ற சிற்பியையும் அதே பதவியில், அதே சம்பளத்தில் அமர்த்தினார்கள். இருவரும் 1401-இல் நடந்த கதவுச் சிற்பப் போட்டியில் மோதியவர்கள். அதில் வென்றவர் கிபெர்த்தி. புகைச்சலுக்குக் கேட்க வேண்டுமா?

ஒரு நாள் புருனெல்லெஸ்கி உடம்புக்கு முடியவில்லை என்று படுத்துக்கொண்டாராம். அடுத்து என்ன செய்வது என்று கொத்தனார்கள் கேட்க, கிபெர்த்தி விழித்தாராம். பிற்காலத்தில் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொன்ன கதை இது. கேட்டு நாங்களும் சிரித்தோம். ஆனால் எவர் பொறுப்பு எது என்று வகுக்காமல் இருவரை ஒரே நாற்காலியில் உட்காரவைத்த சங்கத்தாரையும் குறை சொல்லத்தான் வேண்டும். நாங்கள் செய்த பிழையும் அதுவே. பலகை பிரிக்கும் நாளை யார் முடிவு செய்வது என்று எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை.

அதே சங்கத்தார் ஒன்றை நன்றாகவே செய்தார்கள். சுவரின் கனம், கல்லாலும் மரத்தாலும் ஆன வளையக் கட்டுகள் என்று வேலையின் விவரத்தை 1420-இலேயே எழுதிவைத்தார்கள். ஏறத்தாழ 17 மீட்டர் உயரம் வரையில்தான் முறை சொன்னார்கள். அதற்கு மேல் எப்படி என்பதை அனுபவம் பார்த்து அப்போது தீர்மானிப்போம் என்று விட்டுவிட்டார்கள். தெரியாததைத் தெரிந்ததாக எழுதாத ஒப்பந்தம் எவ்வளவு அபூர்வம் என்பது வீடு கட்டிய உங்களுக்குத் தெரியும்! 1426-இல் சம்பளத்தையும் திருத்தினார்கள். முழுநேரமும் நின்ற புருனெல்லெஸ்கிக்கு ஆண்டுக்கு 100 புளோரின். கிபெர்த்திக்குப் பழையபடி 36.

இவர்களோடு மூன்றாவதாகப் பத்தீஸ்தா என்று ஒரு கொத்தனார் தலைவர் இருந்தார். பெரியவர்கள் இருவர் பெயரும் உலகெங்கும் ஒலிக்கிறது. ஆட்களை வைத்து அன்றாடம் வேலை வாங்கிய இவரை யாருக்குத் தெரியும்? நம் மண்டபத்தின் மேஸ்திரியும் அப்படித்தான். சண்டை நடந்தபோதெல்லாம் அவர் தளத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

1436 மார்ச் 25-ஆம் நாள் பாப்பரசர் நான்காம் யூஜின் அப்பேராலயத்தை அர்ச்சித்தார். அதே ஆகஸ்டில் குவிமாடம் மூடப்பட்டது. உச்சி விளக்குமாடத்துக்கு மீண்டும் போட்டி. அதற்கும் கிபெர்த்தி ஒரு மாதிரி கொடுத்தார்! வென்றவர் புருனெல்லெஸ்கி. ஆனால் அந்த வேலை தொடங்கிய 1446-இலேயே அவர் இறந்தார். விளக்குமாடத்தைப் பிறர்தாம் முடித்தார்கள்.

எங்கள் ஒப்பந்தத்தில் பிறகு இரண்டு வரி சேர்த்தோம். பலகை பிரிக்கும் நாளை இஞ்சினியர் சொல்ல வேண்டும். அதனால் கூடும் வாடகையைக் குழு கொடுக்க வேண்டும். அன்று மாலை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். அந்த வாடகையும் கடைசிப் பக்கத்துக் கணக்கில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.