பாதி நாள் பாத்திக், பாதி நாள் படம்



மரபு, இயற்கை, மனவிருப்பம் என்று மூன்று தலைப்பை அழைப்பிதழில் போட்டு என்னைப் பேச விட்டிருக்கிறார்கள். நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். சோறு. கலைஞனைப் பற்றிப் பேசும் மேடைகளில் இதை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் அதை எடுத்தார். அவரிடம் படித்த பிள்ளைகள் நன்றாக வரைந்தார்கள். படிப்பு முடிந்ததும் என்ன செய்வது? டிராயிங் மாஸ்டர் வேலை, விளம்பரக் கம்பெனி, நெசவுக்கு டிசைன் போடுவது, இவ்வளவுதான் வழி. வாங்குவோர் இல்லாத ஊரில் ஓவியத்தை நம்பி எத்தனை பேர் பட்டினி கிடப்பார்கள்? பணிக்கர் அவர்களைக் கைத்தொழிலில் இறக்கினார். முக்கியமாக, பாத்திக்.

பாத்திக் எப்படி நடக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? உருக்கிய மெழுகைத் தூரிகையால் தொட்டுத் துணியில் கோலம் இழுப்பார்கள். பிறகு ஆறிய சாயத்தில் முக்குவார்கள். சூடாக இருந்தால் மெழுகு கரைந்துவிடும். மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. துணி மடங்கும்போது மெழுகு விரிசல் விடும். அந்த விரிசல் வழியே சாயம் கசிந்து, மயிரிழை மயிரிழையாக ஒரு வலை விழும். கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்தால், யாரும் திட்டமிடாத அந்த வலைதான் துணிக்கே அழகு. அப்படித் துணியும் மற்ற கைவினைப் பொருள்களும் விற்ற காசைச் சேர்த்து, 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக ஏறத்தாழ பத்து ஏக்கர் மணலை வாங்கினார்கள். சோழமண்டல ஓவியர் கிராமம் பிறந்தது. பணிக்கர் அப்போது இன்னும் கல்லூரிப் பதவியில்தான் இருந்தார்.

இப்போது மரபுக்கு வருகிறேன். கோயில் யானையை அப்படியே வரைந்து, ஓரத்தில் மாங்காய்க் கரை போட்டால் மரபு ஆகிவிடும் என்று நம்மில் பலருக்கு நினைப்பு. மூலவருக்குச் சாத்தும் கவசத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தகட்டைத் தட்டித் தட்டி முகமும் மார்பும் எழுப்பியிருப்பார்கள். முன்பக்கம் மட்டும்தான், பின்னால் வெறும் குழிவு. பி.வி. ஜானகிராம் என்ற சிற்பி அதைப் பக்தியோடும் பார்த்திருக்கலாம், எனக்குத் தெரியாது. கைவேலைக்காரராகப் பார்த்தார் என்பது நிச்சயம். செம்புத் தகட்டைத் தட்டி, மேலே கம்பியைப் பற்றவைத்து, முன்னால் நின்று பார்க்க வேண்டிய சிற்பங்களைச் செய்தார். ஐரோப்பியச் சிற்பம்போல் சுற்றிவந்து பார்க்க அதில் ஒன்றும் இல்லை. சன்னதியில் நாம் நிற்கிற இடத்தையே அவர் சிற்பமாக்கிவிட்டார். மரபை எடுத்தாள்வது என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

பணிக்கரும் அப்படித்தான். 1963 வாக்கில் தொடங்கிய அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டம் இருக்கும், மலையாள எழுத்துப் போல ஏதோ இருக்கும். படிக்கப் போனால் படிக்க முடியாது. வீட்டுப் பெட்டியில் பூச்சியரித்த ஓலையை எடுத்துப் பார்க்கிற உணர்வு வரும்.

இயற்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கே.எம். ஆதிமூலம் துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூர்க்காரர். காந்தி நூற்றாண்டான 1969-இல் காந்தியைக் கோடுகளாலேயே நூறு படம் வரைந்தவர். பின்னாளில் அவர் வண்ணத்துக்குப் போனபோது மரமும் இல்லை, வயலும் இல்லை. ஆனால் அந்த நிறத்திட்டுகளின் முன்னால் நின்றால் உழுத நிலம் தெரியும், வெயில் ஏறிய மேடு தெரியும். ஊர்ப்பக்கம் பிறந்தவருக்கு விளக்கவுரை தேவைப்படாது.

மனவிருப்பம் என்றால் அந்த ஓவியர் கிராமத்திலேயே வாழ்ந்த கே. ராமானுஜம்தான். மையில் அடர்த்தியாக அரண்மனைகளையும் விநோத உயிர்களையும் வரைந்து குவித்தார். நடுவே தொப்பி போட்ட ஓர் உருவம் உலாவும், அது அவரேதான். தனக்குக் கிடைக்காத ராஜ்ஜியத்தை வரைந்தே கட்டிக்கொண்டார் என்று தோன்றும். 1973-இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, மறைந்துவிட்டார். ஓவியர் கிராமத்தைச் சொர்க்கம்போல் வர்ணிக்கிறவர்கள் இவரையும் நினைத்துக்கொள்ள வேண்டும். கூரையும் துணையும் கிடைத்தும் எல்லோரும் பிழைத்துவிடுவதில்லை.

பாதி நாள் பாத்திக் போட்டால் மீதி நாள் ஓவியம் கெட்டுவிடும் என்று அந்தக் காலத்திலும் சொன்னவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ளவில்லை. வாடகைக்கு யாரிடமும் கைநீட்டாதவனுக்குத்தான் விற்காத படத்தை வரையும் துணிச்சல் வரும். ஜாதகக் கட்டத்தையும் செம்புத் தகட்டையும் அன்று எந்த வாடிக்கையாளர் கேட்டார்?

ஆகையால் ஒரே ஒரு வேண்டுகோள். நாம் கல்யாணம் கல்யாணமாகச் சுவர்க்கடிகாரம் வாங்கிக் கொடுக்கிறோம். ஒரு வீட்டில் எத்தனை மணி பார்ப்பார்கள்? பக்கத்து அறையில் நம் ஓவியத் தம்பி தங்கைகள் மாட்டியிருக்கும் ஒவ்வொரு படத்துக்கும் கீழே விலை எழுதியிருக்கிறது. புடவைக் கடையில் பேசுகிற பேரத்தை அங்கே கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். வரைந்தவர் பெயரைக் கேட்டுப் பின்பக்கத்தில் எழுதி வாங்குங்கள். அறை இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும்.